முதல் பாட்டும் நல்ல தண்ணியும்

பாட்டால தண்ணி மாறுன கதைய எங்க ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாவ, ஆனா எல்லாரும் வடிவு பக்கம் நின்னுதான் சொல்லுவாவ. என் பக்கம் நின்னு சொல்ல ஒரு நாதி இல்லாததால நானே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. என் பேரு சுயம்புகனி. தேரிக்குளம் லிங்கத்துரை அண்ணாச்சியோட மெல்லிசைக் குழுவுல பாடுதேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எங்க மேடை போட்டாலும் கச்சேரி பிள்ளையார் பாட்டோடதான் தொடங்கும், அந்த முதல் பாட்டு குழுவுல மூத்த பாடகிக்குத்தான், அது எழுதாத சட்டம். என் கழுத்துல தாலி ஏறுததுக்கு முந்தியே அந்தப் பாட்டு எனக்கு வந்துட்டு. பாவாடை தாவணியில நின்னு பாடியிருக்கேன், நிறைமாசத்துல மூச்சு வாங்க வாங்கப் பாடியிருக்கேன், எங்க அப்பா செத்து கண்ணு வீங்கிக் கிடக்கும்போதும் போய்ப் பாடிட்டு வந்திருக்கேன். வடிவு எனக்குப் பின்னால நின்னு கோரஸ் பாடுனவ.

அந்த வடிவுதான், போன பங்குனியில, அரிசிக்கடை தங்கப்பாண்டி அண்ணாச்சி மக கல்யாண வரவேற்புல ஒரு பழைய காதல் பாட்ட எடுத்தா, எடுத்த மாத்திரத்துல மண்டபத்துக்குப் பின்னால ஓடிக்கிட்டிருந்த போர்க்குழாய்த் தண்ணி நல்ல தண்ணியா மாறிட்டு. எங்க ஊரு தண்ணி எப்பிடின்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், கடல் பக்கத்துல இருக்கதால கிணறு, போர், அடிபம்பு எல்லாம் உப்பு, வாயில வச்சா குமட்டும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊத்துனா முடி தேங்காநார் கணக்கா நிக்கும். அன்னைக்கு சமையல்காரர் பூலோகராஜ் சாம்பாருக்கு ஒரு வாளி தண்ணிய ஊத்தி, கரண்டியால மொண்டு நாக்குல விட்டுப் பாத்துட்டு, "ஏல, எவம்ல லாரித் தண்ணிய இதுல ஊத்துனது, உப்பு பத்தாதே"ன்னு கத்தி இன்னொரு கை உப்ப அள்ளிப் போட்டாரு, அவ்வளவுதான் அவரு பட்ட ஆச்சரியம். வடிவு பாட்ட முடிச்சதும் குழாய்ல மறுபடி உப்பு வந்துச்சு. அடுத்து ஆம்பிளைப் பாட்டு, உப்புதான். அதுக்கடுத்து நான் பாடுனேன், உப்புதான். திரும்ப வடிவு வந்து மைக்கப் பிடிச்சா, நல்ல தண்ணி. பாட்டு ஓடுத வரைக்கும் மாறும், பிடிச்சு வச்சது அப்பிடியே இருக்கும், பாட்டு நின்னா குழாய் பழையபடி ஆகிரும், இம்புட்டுதான் கணக்குன்னு பந்தி முடியுததுக்குள்ள சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு. பொண்ணு மாப்பிள்ளைய மேடையில விட்டுட்டு சொந்தக்காரங்க பூரா குழாயடிக்குப் போனாவ, சீர்வரிசையில வந்த புதுக்குடத்தையும் தூக்கிட்டுப் போனாவ. எதனால இப்பிடின்னு ஒருத்தரும் கேக்கல. இன்னும் எத்தனை பாட்டு பாடுவான்னுதான் கேட்டாவ.

அதுக்குப் பிறகு ஊரு அத எப்பிடி ஏத்துக்கிட்டுன்னு கேளுங்க. கல்யாணத் தேதி குறிக்க சோசியர்கிட்ட போறதுக்கு முன்னால வடிவு வீட்டுக்குப் போயி அவளுக்கு என்னைக்குத் தோதுன்னு கேட்டுட்டு வந்தாவ. கச்சேரிக்கு வாரவுக கையில விசிறி போயி குடம் வந்துச்சு. ஆனா குடத்தோட மேடை முன்னால உக்காந்து என்ன பிரயோசனம், செல்போன்ல பதிஞ்சு கொண்டு போயிப் போட்டாலும் மாறல, அதனால ஸ்பீக்கரத் தெருத்தெருவா கொண்டு போயிக் கட்டச் சொன்னாவ, குழாயடிக்கு ஒண்ணு, கிணத்தடிக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத் தொட்டிக்கு ஒண்ணு. வேகமான பாட்டு சின்னதா முடிஞ்சிருதுன்னு சொல்லி, சரணம் நிறைய உள்ள சோகப் பாட்டாக் கேட்டு சீட்டு எழுதி அனுப்புனாவ, அதனால எங்க ஊர்ல கல்யாண வீட்டுல எல்லாம் பிரிவுப் பாட்டும் ஒப்பாரியுமாத்தான் ஓடுச்சு. உப்பளத்துக்காரங்க மட்டும் கூட்டமா வந்து, காத்து கிழக்க அடிச்ச அன்னைக்கு வெளைஞ்ச உப்பெல்லாம் பாத்தியில கரைஞ்சு போச்சுன்னு அழுதாவ. ஊரு கூடிப் பேசி, ஸ்பீக்கர் வாய் கிழக்க பாக்கக் கூடாதுன்னு முடிவு சொன்னதும் அவுகளும் சமாதானமாப் போயி ரெண்டு குடம் பிடிச்சிக்கிட்டுப் போனாவ. யூனியன் ஆபீஸ்ல இருந்து ஒரு அதிகாரி பாட்டில்ல தண்ணி பிடிச்சு சோதிக்கக் கொண்டு போனாரு, குடிக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டு, தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வடிவு வருவாளான்னு கேட்டுட்டுப் போனாரு.

எல்லாரும் குடிச்சாவ, நான் குடிக்கல. பொறாமையான்னா பொறாமைதான், அதுக்கு வேற நல்ல பேரு வைக்க எனக்குத் தெரியாது. வடிவு வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. காலையில அவ சாதகம் பண்ண ஆரம்பிச்சான்னா எங்க கிணத்துத் தண்ணியும் மாறும், எங்க வீட்டுக்காரர் இசக்கிராஜ் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாளி வாளியா இறைச்சு அண்டாவ நிறைப்பாவ. அவுக எங்க குழுவுல தாளத்துக்குப் பேடு வாசிக்காவ. "ஏட்டி, காப்பி எப்பிடி இருக்கு பாரு"ம்பாவ. நான் கடையில கேன் தண்ணி வாங்கித் தனியா காப்பி போட்டுக் குடிப்பேன். ஒரு நாள் தெரியாம அந்தத் தண்ணியில தலைக்கு ஊத்திட்டேன், முடி பட்டாட்டம் வழுக்கிக்கிட்டுப் போச்சு, அன்னைக்கு அந்த முடிய வெட்டிப் போட்டுரலாம்னு ஆத்திரம் வந்துச்சு. சங்கீதத்துல அவளுக்கு என்ன குறைச்சல்னு கேக்காதிய, சுதி அவளுக்கு எப்பவும் ஒரு நூல் இறங்கித்தான் நிக்கும், இது எனக்குத் தெரியும், லிங்கத்துரை அண்ணாச்சிக்குத் தெரியும், தண்ணிக்குத்தான் தெரியல.

இதெல்லாம் தானா வந்துச்சுன்னு ஊரு நம்பல, கோச்சாலதான் வந்துச்சுன்னு நம்புச்சு. தூத்துக்குடியில ஒரு செல்போன் கடைக்கு மேல மாடியில மெர்வின் சார்னு ஒருத்தர் இருக்காரு, பாடுறவங்களுக்கும் வாசிக்கிறவங்களுக்கும் முன்னுக்கு வர வழி சொல்லிக் குடுக்குற மியூசிக் கோச்சு. வடிவு அந்த மாசியிலதான் அவர்கிட்ட போயிட்டு வந்தா. பிறகு கேக்கணுமா, சுத்துப்பட்டுல தொண்டை உள்ள அத்தனை பேரும் பஸ் ஏறிட்டாவ, கோயில்ல சங்கு ஊதுறவரும் போனாரு, ஏலம் விடுறவரும் போனாரு. ஒருத்தருக்கும் ஒரு சொட்டு மாறல.

நான் போகலாமா வேண்டாமான்னு மாசக்கணக்கா மனசுக்குள்ள கிடந்து அடிச்சிக்கிட்டேன். பாட்டு வாத்தியாருன்னா சரி, கோச்சுங்கிறது கபடிக்குல்லா வைப்பாவ, இத்தனை வருசம் மேடையில நின்னவ இனிமே போயி இன்னொருத்தன் சொல்லிக் குடுத்துக் கேக்கவான்னு ஒரு மனசு. அவளுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காமப் போனா என்ன பொழப்புன்னு ஒரு மனசு. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்.

"கோச்சு வச்சிக்கிடவா, வேண்டாமா?"

"நீதான் நல்லாப் பாடுதியே, பிறகு எதுக்கு?"

"வடிவ விட நல்லாப் பாடுதேனா?"

அவுக வாயில வெத்தில இருந்துச்சு. துப்பிட்டு வந்து சொல்லியிருக்கலாம், இன்னொரு வெத்திலைய மடிச்சு வாயில போட்டாவ. அந்த வெத்திலைய அவுக மென்ன அழகப் பாத்து எனக்கு வந்த கோவத்துல, சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் சோறு இறங்கல.

ஆனா முடிவெடுக்க வச்சது லிங்கத்துரை அண்ணாச்சிதான். ஆவணியில முப்பிடாதி அம்மன் கொடை வருது, எங்க ஊருக்கு அதுதான் பெரிய விசேஷம். அண்ணாச்சி வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டாமயே நின்னுக்கிட்டு, "கனி, கொடைக் கமிட்டிக்காரங்க ஒண்ணு சொல்லுதாவ. முதல் பாட்டு ஆரம்பிக்கும்போதுதான பொங்கப் பானையில தண்ணி ஊத்துதாவ, அது நல்ல தண்ணியா இருந்தா அம்பாளுக்குச் சிறப்புன்னு நினைக்காவ. இந்த ஒரு கொடைக்கு மட்டும் பிள்ளையார் பாட்ட வடிவு பாடட்டும்"னாவ.

"ஒரு கொடைக்கு மட்டும்னு சொல்லி வாங்குன எது திரும்ப வந்திருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். அண்ணாச்சி வாசப்படி இறங்கி நடந்துட்டாவ. அவுக தெரு முக்கு திரும்புததுக்குள்ள நான் சேலை மாத்திட்டேன், அடுத்த பஸ்ஸுல தூத்துக்குடி போயிட்டேன்.

மெர்வின் சாரு நான் நினைச்ச மாதிரி மந்திரவாதியும் இல்ல, சங்கீத மேதையும் இல்ல, சட்டைய இன் பண்ணிக்கிட்டு ஒரு வெள்ளைப் பலகை முன்னால நின்னாரு. உக்காரச் சொல்லி, "உங்க இலக்கு என்னம்மா?"ன்னாரு.

"வடிவு."

"அது ஆளு பேருல்லா. உங்களுக்கு என்ன ஆகணும்?"

"அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தியளோ, ஒரு சொல் குறையாம எனக்கு அதையே சொல்லிக் குடுக்கணும்."

மனுசன் பெருமூச்சு விட்டாரு. "ஏம்மா, வாரவங்க எல்லாரும் இதையேதான் கேக்காங்க. மைக்க எப்பிடிப் பிடிக்கணும், கூட்டத்தப் பாத்து எப்பிடி வணக்கம் சொல்லணும், பாடுறத வீடியோ எடுத்து எப்பிடிப் போடணும், சம்பளம் பேசும்போது எப்பிடிக் குனியாம நிக்கணும், இதுதான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். தண்ணிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க வீட்டுலயே உப்புத் தண்ணிதான். வேணும்னா உங்க குரலுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்."

"என் குரலு வேண்டாம் சார், அவ குரலு வேணும்"னேன். சொன்ன பிறகுதான் அது என்ன சொல்லுன்னு எனக்கே உறைச்சுச்சு, ஆனா வெக்கப்படல. மெல்லிசைக் குழுவுல பாடுறவங்களுக்கு அடுத்தவங்க குரலுதான சோறு போடுது, ரிக்கார்டுல எப்பிடி இருக்கோ அச்சு அசலா அப்பிடியே பாடுனாத்தான் கை தட்டுவாவ, யாரு குரலையும் நாலு தடவ கேட்டா என் தொண்டைக்குள்ள கொண்டு வந்துருவேன். அத்தனை பேரு குரல எடுத்தவளுக்கு இவ குரலு என்ன பெரிய கஷ்டம்! அவரு தலைய ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு, வடிவு அவர்கிட்ட வந்தப்ப எடுத்த வீடியோவையெல்லாம் போட்டுக் காட்டுனாரு, அதுக்குத்தான் நான் அவரைக் கோச்சா வச்சேன், வேற ஒண்ணுக்கும் இல்ல.

ஆடி மாசம் பூரா அவ எங்க மூச்சு வாங்குதா, எந்த எழுத்த உருட்டுதா, மேல ஏறும்போது எந்தக் கண்ணச் சுருக்குதா, எந்த இடத்துல சுதி அந்த ஒரு நூல் இறங்குது, எல்லாத்தையும் பாத்துப் பாத்து எடுத்தேன். அந்தக் குறைய எடுக்கத்தான் எனக்கு ரொம்பச் சிரமம், நிமிந்து நிக்கப் பழகுன சுதிய வம்பாக் குனிய வைக்கணும்லா. வடிவு காதுல விழுந்தா மானம் போயிரும்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்துப் பழகுனேன், ஒரு நாளும் தொண்டையத் திறக்கல. வீட்டுத் தண்ணியும் மாறல.

கொடை வந்துச்சு. வடிவு அன்னைக்கு மதியம் உடன்குடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவ, திரும்ப முடியாமக் கிடந்தா. அந்த ஊர்க்காரங்க டிரம்மு நிறைய இன்னும் ஒரே ஒரு பாட்டு, இன்னும் ஒரே ஒரு பாட்டுன்னு காருக்கு முன்னால குடத்த வரிசையா வச்சு மறிச்சிட்டாவளாம். இங்க பொழுது சாயுது, கோயிலச் சுத்தி பொங்கப் பானை அடுப்பேறி நிக்குது, தெருவுக்குத் தெரு குழாயடியில பொம்பளைக குடத்தோட நிக்காவ, பூசாரி நேரமாகுதுன்னு சத்தம் போடுதாரு. லிங்கத்துரை அண்ணாச்சி கீபோர்டுல கைய வச்சிக்கிட்டு என்னையப் பாத்து, "கனி, ஒப்புக்கு நீ ஆரம்பிச்சு வையி. அவ வந்ததும் திரும்ப ஒருதரம் பாடிக்கிடட்டும்"னாவ. இத்தனை வருசம் நான் பாடுன பாட்டு, இன்னைக்கு ஒப்புக்கு!

மைக்கப் பிடிச்சு நிமிந்து பாத்தா, மேடைக்கு முன்னால வரிசை வரிசையா நாற்காலி, ஒண்ணுலயும் ஆளில்ல. எல்லாரும் குழாயடியில. பங்குனியில இருந்தே அப்பிடித்தான் இருந்துச்சு, வடிவு பாடும்போதும் அப்பிடித்தான், நான் பின்னால நின்னு பொறாமையில அவ முதுகையே பாத்துக்கிட்டு இருந்ததால நாற்காலிய ஒரு நாளும் கவனிக்கல. அண்ணாச்சி சுதி குடுத்தாவ. நான் வடிவு குரலத் திறந்தேன்.

அண்ணாச்சி கை கட்டையில நிக்க, தலையத் திருப்பி வடிவ எங்கன்னு தேடுனாவ. எங்க வீட்டுக்காரர் பேட்ட அடிச்சிக்கிட்டே நிமிந்து என்னையப் பாத்தாவ. இத்தனை வருசம் கூட வாழ்ந்த மனுசன், யாரு பெத்த பிள்ளையோன்னு பாக்க மாதிரி பாத்தாவ. பல்லவி ரெண்டாம் தரம் வரும்போது கோயில் மடப்பள்ளிப் பக்கம் இருந்து ஒரு குலவைச் சத்தம் எழும்புச்சு, அப்புறம் கீழத்தெரு, அப்புறம் பள்ளிக்கூடத் தெரு, ஊரு பூரா குலவை. தண்ணி மாறிட்டு. என் தொண்டையில மாறிட்டு! சந்தோசத்துல ஓன்னு அழுதிருப்பேன், அப்பத்தான் குலவைக்கு ஊடால அந்தக் குரலெல்லாம் காதுல விழுது.

"வடிவு வந்துட்டா, வடிவு வந்துட்டா!"

"அவ தொண்டைக்குத் தங்கத்துல பூண் போடணும்ட்டி!"

"வடிவு, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும் தாயி!"

மாத்துனது நான், வாழ்த்து அவளுக்கு. முதல் சரணம் முடிஞ்சு இடையில மியூசிக் ஓடுது, அந்நேரம் பாத்து கார் வந்து நிக்குது, வடிவு இறங்கி ஓடி வாரா, மேடைக்குக் கீழ வந்ததும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டா. அவ வழியெல்லாம் ஸ்பீக்கர்ல தன் குரலக் கேட்டுக்கிட்டே வந்திருக்கா. மூஞ்சி வெளிறிப் போயிருக்கு. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும், அஞ்சு மாசமா எங்க வீட்டுக் கண்ணாடியில நான் பாத்த மூஞ்சி.

"யக்கா, அது என் குரலு"ன்னா.

"ஆமா"ன்னேன்.

"மைக்கத் தாங்க."

"இன்னும் ஒரு சரணம் இருக்கு."

அவ சுத்தியும் முத்தியும் பாத்தா. குலவை கேட்டுச்சு, அவ பேரு கேட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா மூஞ்சியில ரத்தம் வந்துச்சு, பிறகு சிரிச்சா. "சரி, பாடுங்க யக்கா. நல்லாப் பாடுங்க. எல்லாம் என் பேருக்குத்தான போகுது."

அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியல. அடுத்த சரணம் வந்துச்சு, நான் என் குரல எடுத்தேன். கொஞ்சம் கட்டை, கொஞ்சம் கரகரப்பு, ஆனா சுதி சுத்தம், ஒரு நூலு இறங்காது, தாவணி போட்ட காலத்துல இருந்து அந்தப் பாட்டு கேட்டுப் பழகுன குரலு. முதல் அடி முடியுததுக்குள்ள ஊர்ல குலவை பட்டுன்னு நின்னுச்சு. குழாய்ல ஓடிக்கிட்டு இருந்த தண்ணி பாதிக் குடத்துல உப்பாயிட்டு.

"எவட்டி அவ! பிடிச்ச தண்ணியில உப்ப விட்டவ எவ!"

"இது அந்தச் சுயம்புகனி குரலுல்லா!"

"சுயம்புகனியா? அவள யாரு இப்ப பாடச் சொன்னா?"

தெருத்தெருவா என் பேரு கேட்டுச்சு. கீழத்தெருவுல இருந்து வந்தாவ, பள்ளிக்கூடத் தெருவுல இருந்து வந்தாவ, குடத்த இடுப்புல வச்சிக்கிட்டு, சேலையில தண்ணி சொட்டச் சொட்ட வந்தாவ, பூலோகராஜ் கரண்டியோட வந்தாரு, கமிட்டிக்காரங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாவ, வந்து மேடை முன்னால நின்னு வாய்க்கு வந்தபடி வைதாவ. ஆனா பிள்ளையார் பாட்ட நடுவுல நிறுத்துனா ஊருக்கு ஆகாது, நிறுத்தச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நிக்க முடியாதவங்க நாற்காலியில உக்காந்தாவ, அவுகளப் பாத்து மத்தவங்களும் உக்காந்தாவ. நான் கண்ண மூடல, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துப் பாடுனேன். வைதுக்கிட்டே கேட்டாவ. பிறகு வையுறத விட்டுட்டுக் கேட்டாவ. கடைசி வரிசை வரைக்கும் ஒரு நாற்காலி காலியில்ல.

வடிவு திரும்பி அந்த நாற்காலியையெல்லாம் பாத்தா. ஒவ்வொரு வரிசையா, ரொம்ப நேரம் பாத்தா. பாட்டு முடிஞ்சு நான் மேடைய விட்டு இறங்கவும் என் கையப் பிடிச்சிக்கிட்டு, தாழ்ந்த குரல்ல, "யக்கா, மெர்வின் சாரு உங்களுக்கு மட்டும் என்ன சொல்லிக் குடுத்தாரு? எங்கிட்ட சொல்லுங்க யக்கா"ன்னா.

சொல்ல மாட்டேன்னுட்டேன். அன்னைக்குத்தான் எனக்கு வயிறு குளுந்துச்சு.